சிக்னல் போனால் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

கடைக்காரர் பார்க்காத புகார் கிடையாது. பருப்பில் வண்டு, எண்ணெயில் சிக்கு வாடை, பிஸ்கட் பாக்கெட்டில் நமுத்துப்போன சரக்கு என்று எது நேர்ந்தாலும் அது முதலில் வந்து சேரும் இடம் நம் கல்லா. செய்தவர் எங்கோ இருக்கிறார். விற்றவர் கண்ணெதிரே நிற்கிறார். ஆகவே ஒரு பொருளின் மீது குறை எழும்போது தயாரிப்பாளர் என்ன பதில் சொல்கிறார் என்பதை வணிகர்களாகிய நாம் கவனித்துப் படிக்க வேண்டும். அவர் பதில் அரைகுறையாக இருந்தால் மீதியை நாம்தான் சொல்லியாக வேண்டும். இதற்கு நல்ல பாடமாக அமைந்தது, 2010ஆம் ஆண்டில் ஒரு செல்போனின் ஆன்டெனாவை வைத்து எழுந்த தகராறு. செல்போன் விற்காத மளிகைக்காரருக்கு இது எதற்கு என்று எண்ண வேண்டாம். இன்று கல்லாவுக்கு வரும் பணத்தில் கணிசமான பகுதி செல்போன் சிக்னலை நம்பித்தான் வருகிறது.

பழைய செல்போன்களில் ஆன்டெனா ஒரு குச்சியாகத் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும். பிறகு அதை உள்ளே வைத்து மூடினார்கள். ஆப்பிள் நிறுவனம் 2010 ஜூன் 24 அன்று அமெரிக்கா உள்ளிட்ட சில நாடுகளில் விற்பனைக்குக் கொண்டுவந்த ஐபோன் 4-ல் போனின் விளிம்பைச் சுற்றி ஓடும் ஸ்டீல் பட்டையையே ஆன்டெனாவாக ஆக்கிவிட்டார்கள். உள்ளே இடம் மிச்சம், பார்வைக்கும் எடுப்பு. பட்டையில் மெல்லிய இடைவெளி விட்டு, ஒரு துண்டைப் பேச்சுக்கும் இன்னொரு துண்டை வைஃபை, புளூடூத் போன்றவற்றுக்கும் ஒதுக்கியிருந்தார்கள். வம்பு பிறந்தது இடது பக்கம் கீழே இருந்த இடைவெளியில். இடது கையால் இயல்பாகப் பிடித்தால் உள்ளங்கை சரியாக அந்த இடத்தில் படும். நம் தோலில் ஈரமும் உப்பும் உண்டு. அது மின்சாரத்தைக் கடத்தும். இரண்டு துண்டையும் கை ஒன்றாகச் சேர்த்துவிட, அலைக்குத் தக்கபடி அளந்து வைத்த ஆன்டெனாவின் இசைவு கெட்டது. போதாததற்குக் கையும் அலையைக் கொஞ்சம் விழுங்கும்.

இந்தக் குறைவை டெசிபல் கணக்கில் சொல்வார்கள். 10 டெசிபல் குறைந்தால் சிக்னல் பத்தில் ஒரு பங்காகிறது. 20 குறைந்தால் நூறில் ஒரு பங்கு. டவருக்கு அருகில் இருப்பவருக்கு நூறில் ஒரு பங்கே தாராளம், பேச்சு அறுபடாது. டவர் எட்டாத ஓரத்தில் இருப்பவருக்கு அது உயிர்போகிற நஷ்டம். ஒரே போனை வாங்கிய இரண்டு பேரில் ஒருவர் அருமை என்றும் மற்றவர் மோசம் என்றும் சொன்னதற்குக் காரணம் இதுவே. இரண்டு பேரும் சொன்னது உண்மை. புகார் சொல்பவரைப் பொய்யர் என்று முடிவு கட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இனி கம்பெனி சொன்ன பதில்களைப் பார்ப்போம். விற்பனை தொடங்கியவுடனேயே புகார் கிளம்பியது. அப்படிப் பிடிக்காமல் இருங்கள், அல்லது ஒரு உறை வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள் என்ற பொருளில் ஆப்பிள் தரப்பிலிருந்து பதில் வந்தது. அந்த உறையை ஆப்பிள் நிறுவனமே 29 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தது! ஓட்டைப் பையில் அரிசி கொடுத்துவிட்டு, பையை அணைத்துப் பிடியுங்கள், இல்லையேல் நல்ல பை காசுக்குக் கிடைக்கும் என்று நாம் சொன்னால் அடுத்த மாதம் அந்த வீட்டுச் சாமான் லிஸ்ட் நம் கடைக்கு வருமா?

ஜூலை 2 அன்று இரண்டாவது பதில். சிக்னல் எவ்வளவு என்று காட்டும் கோடுகளைக் கணக்கிடும் முறையே முற்றிலும் தவறாக இருந்ததைக் கண்டு தாங்களே திகைத்துப்போனதாக ஒரு கடிதம் வெளியிட்டார்கள். பல சமயங்களில் உள்ளதைவிட இரண்டு கோடு கூடுதலாகக் காட்டிவந்ததாம். எடை குறைகிறது என்று வந்தவரிடம், எங்கள் தராசு முதலிலிருந்தே கூட்டிக் காட்டியது என்று சொன்ன கதை. சொன்னது உண்மையாகவே இருக்கலாம். கோடு என்பது ஒவ்வொரு கம்பெனியும் தானே வகுத்துக்கொள்ளும் அளவுதான், எல்லாருக்கும் பொதுவான முத்திரைப் படி கிடையாது. ஆனால் கை பட்டால் பேச்சு ஏன் அறுபடுகிறது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

ஜூலை 12 அன்று, பொருள்களைத் தன் காசில் வாங்கிச் சோதித்து எழுதும் அமெரிக்கப் பத்திரிகையான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், இந்தப் போனைச் சிபாரிசு செய்ய இயலாது என்று அறிவித்துவிட்டது. அதன் பிறகே ஜூலை 16 அன்று ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் பத்திரிகையாளர்களைக் கூட்டினார். போன் என்றால் குறை இருக்கத்தான் செய்யும் என்று ஒப்புக்கொண்டு கணக்கு காட்டினார். வாங்கியவர்களில் ஆன்டெனா பற்றிப் புகார் செய்தவர்கள் 0.55 சதவீதம், அமெரிக்காவில் திருப்பிக் கொடுத்தவர்கள் 1.7 சதவீதம், முந்தைய மாடலுக்கு அதே காலத்தில் 6 சதவீதம். முந்தைய மாடலைவிட நூறு அழைப்புக்கு ஒன்றுக்கும் குறைவாகவே கூடுதலாக அறுபடுகிறது. கூடவே பிளாக்பெரி, எச்.டி.சி., சாம்சங் போன்களும் கையில் இறுக்கினால் சிக்னல் இழப்பதைப் படம் போட்டுக் காட்டினார். அந்தப் போட்டிக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? உடனே மறுப்பு விட்டன. கடைசியில் செப்டம்பர் 30 வரை வாங்கும் எல்லாருக்கும் உறை இலவசம், முன்பே காசு கொடுத்தவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்படும் என்று அறிவித்தார்.

மற்றப் போன்களிலும் இந்தக் குறை உண்டு என்பது பொய்யல்ல. ஆன்டெனா உள்ள இடத்தைத் தேவையின்றித் தொட வேண்டாம் என்று நோக்கியா தன் கையேடுகளிலேயே அச்சிட்டு வந்தது. ஆனால் தன் சரக்கின் குறைக்குப் பதில் கேட்டு வந்தவரிடம் எதிர்க்கடைச் சரக்கைப் பழிப்பது எந்தக் கடைத்தெருவிலும் எடுபடாது. இலவச உறை என்ற பதிலை மூன்று வாரம் முன்பே சொல்லியிருந்தால் மற்ற இரண்டு பதிலுக்கும் வேலையே இருந்திருக்காது என்பது என் கருத்து.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இதனால் அந்தப் போனின் விற்பனை சாய்ந்துவிடவில்லை. 2011 மே மாதம் நம் நாட்டுக்கும் வந்தது. அமெரிக்காவில் தொடர்ந்த வழக்கு 2012இல், வேண்டியவருக்கு 15 டாலர் அல்லது ஓர் உறை என்று சமரசமாக முடிந்தது. 2011 அக்டோபரில் வந்த அடுத்த மாடலில், இரண்டு ஆன்டெனாவில் எது நன்றாக இருக்கிறதோ அதற்குப் போன் தானே மாறிக்கொள்ளும்படி செய்தார்கள். பெரிய கம்பெனிக்குப் பின்னால் பெரிய முதல் இருக்கிறது. மூன்று வாரம் தடுமாறலாம். தேரடி வீதியில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கடை வைத்திருப்பவருக்கு மூன்று நாள் தடுமாற்றமே அதிகம்.

நம் நாட்டு அனுபவம் இதற்கு மூன்று ஆண்டு முந்தியது. 2007 ஆகஸ்ட் 14 அன்று நோக்கியா, தன் பி.எல்.5சி பேட்டரியைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. நோக்கியா 1100 முதலான போன்களில் இருந்த, இன்றும் சிறிய எஃப்.எம். ரேடியோக்களில் போட்டு விற்கும் அதே தட்டைப் பேட்டரிதான். ஜப்பானின் மட்சுஷிட்டா 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை தயாரித்தவை, மொத்தம் 4 கோடியே 60 லட்சம், சார்ஜ் ஏறும்போது உள்ளே ஷார்ட் ஆகிச் சூடாகலாம். உலகம் முழுவதும் சுமார் 100 நிகழ்ச்சிகள், பெரிய காயம் எதுவும் இல்லை. பேட்டரியின் பின்னால் உள்ள 26 இலக்க எண்ணைப் பார்த்துச் சரிபாருங்கள், அந்த வரிசையில் இருந்தால் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்றார்கள். யார் செய்தது, எந்த மாதம், எத்தனை, எப்படிக் கண்டுபிடிப்பது, என்ன கிடைக்கும் என்ற ஐந்துக்கும் முதல் நாளே விடை இருந்தது. அப்படியிருந்தும் இந்தியாவில் போன் வெடிக்கிறது என்று வதந்தி பரவி, சர்வீஸ் சென்டர்களில் கூட்டம் கூடியது. 26 இலக்கத்தைப் படித்துச் சரிபார்ப்பது எல்லாருக்கும் ஆகிற காரியமா? கம்பெனியின் அறிவிப்பு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அதைச் சாதாரண ஜனங்களுக்குப் புரியும்படி சொல்ல ஒரு கடைக்காரர் தேவைப்படுகிறார்.

நம் மளிகைத் தொழிலில் இதை 2015இல் மேகி நூடுல்ஸ் விஷயத்தில் நேரில் கண்டோம். ஜூன் 4 அன்று தமிழக அரசு மூன்று மாதத் தடை விதித்தது; மறுநாள் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுவதும் திரும்பப் பெற உத்தரவிட்டது. ஈயம் அதிகம் என்பது ஒரு குற்றச்சாட்டு. மோனோசோடியம் குளூட்டமேட் சேர்க்கவில்லை என்று அட்டையில் அச்சிட்டது இன்னொன்று. பொருள் பத்திரமானது என்றே நெஸ்லே சொல்லிவந்தது. ஆனாலும் சந்தையிலிருந்து எடுத்துக்கொண்டது. ஆகஸ்ட் 13 அன்று மும்பை உயர் நீதிமன்றம் தடையை நீக்கி மறு சோதனைக்கு உத்தரவிட, நவம்பரில் சரக்கு திரும்ப வந்தது. இடைப்பட்ட காலத்தில் தாய்மார்களின் கேள்விக்குப் பதில் சொன்னது யார்? அலமாரியில் பாக்கெட் வைத்திருந்த நாம்தான்.

சட்டமும் இந்த வித்தியாசத்தை அறியும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86ஆவது பிரிவைச் சங்க உறுப்பினர்கள் படித்துவைப்பது நல்லது. குறைபாடுள்ள பொருளால் ஒருவருக்குக் கேடு நேர்ந்தால், அதைத் தயாரிக்காத விற்பனையாளர் எப்போது பொறுப்பாவார் என்று அது சொல்கிறது. பொருளை நாமே மாற்றியமைத்து அதனால் கேடு வந்தால். கம்பெனியின் உத்தரவாதத்துக்கு மேல் நாமாக ஒரு உத்தரவாதம் கொடுத்து அது பொய்த்தால். தயாரிப்பாளர் யார் என்றே தெரியாவிட்டால். கம்பெனி தந்த எச்சரிக்கையை வாங்குபவரிடம் சொல்லாமல் விட்டால் பொறுப்பு நம் மேல் வரும். பில் இல்லாமல் இறக்கும் பெயர் தெரியாத சரக்கும், வாய்க்கு வந்தபடி சொல்லும் 'நான் கியாரண்டி' என்ற வார்த்தையும் எங்கே கொண்டுபோய் விடும் என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

இனி நம் ஊர் சிக்னலுக்கு வருவோம். பௌர்ணமி இரவிலும் கார்த்திகை தீபத்தன்றும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுவதும் ஜனங்கள் நிறைந்திருக்கும்போது போனில் கோடு முழுதாக நிற்கும். பணம் மட்டும் போகாது. இது ஆன்டெனாக் குறை அல்ல. கோடு காட்டுவது டவரின் குரல் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை மட்டும். டவரில் இடம் காலியாக இருக்கிறதா என்பதைக் காட்டாது. டவர்க் கம்பெனிகளிடம் கேட்டால் அவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. அறுபடும் அழைப்புக்கு ஒரு ரூபாய், நாளுக்கு மூன்று வரை ஈடு தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2015 அக்டோபரில் விதி செய்தது. டவர் வைக்க இடம் தர மறுக்கிறார்கள், அலைவரிசை போதவில்லை என்று கம்பெனிகள் வழக்காடின. 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்துவிட்டது.

ஆக, தீபத்தன்று கற்பூரமும் நெய்யும் வாங்கியவர், பணம் என் கணக்கில் போய்விட்டது என்று நிற்க, நம் சவுண்ட் பாக்ஸ் வாய் திறக்காமல் இருந்தால் பதில் சொல்ல வேண்டிய முறை நம்முடையது. உங்கள் போன் சரியில்லை என்று சொன்னால் அது ஆப்பிளின் முதல் பதிலுக்கு அண்ணன். சவுண்ட் பாக்ஸுக்குள் தனி சிம் இருக்கிறது. அதன் கம்பெனி வேறு, வாடிக்கையாளரின் கம்பெனி வேறு, நம் போனின் கம்பெனி வேறாக இருக்கலாம். பாக்ஸ் பேசாததால் பணம் வரவில்லை என்று ஆகாது. நம் செயலியிலோ வங்கிக் கணக்கிலோ வரவைப் பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் காட்டும் திரையை மட்டும் நம்பவும் கூடாது, போலிச் செயலிகள் உலவுகின்றன. பாக்ஸை எண்ணெய் டின்களுக்கு நடுவிலும் இரும்பு ஷட்டர் ஓரத்திலும் வைத்துவிட்டுக் கம்பெனியைத் திட்டுகிறவர்கள் நம்மில் உண்டு. தகரம் அலையை மறிக்கும். தெருவைப் பார்த்த மாதிரி உயரத்தில் வைத்தாலே பாதித் தொல்லை தீரும்.

பணம் கழிந்தும் நமக்கு வரவு தெரியாவிட்டால், 2019 செப்டம்பர் 20 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையின்படி 5 நாளுக்குள் அது வாடிக்கையாளர் கணக்குக்குத் தானாகத் திரும்ப வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு. வெளியூர்ப் பக்தர் பலருக்கு இது தெரியாது. பொறுமையாக எடுத்துச் சொன்னால் குரல் தணிந்துவிடும். தீபத்துக்கு முன்பே சில்லறை நோட்டுகளை வங்கியில் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். வேறு வேறு கம்பெனியின் இரண்டு சிம் கடையில் இருக்கட்டும். தகராறான ஒவ்வொரு பணத்துக்கும் நேரம், தொகை, 12 இலக்கக் குறிப்பு எண் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி, அந்தப் பக்கத்தை வாடிக்கையாளரையே போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்குச் சிக்னல் வேண்டியதில்லை.