சின்னக் குளியலறையில் ஒரு ஃபேன் ஹீட்டர்

(மூன்றாம் ஆண்டு, மின் மற்றும் மின்னணுவியல் துறை)



நம் பேரவை மலரில் கவிதைக்கும் துணுக்குக்கும் என்றைக்கும் பஞ்சமில்லை. மின் துறையிலிருந்து உபயோகமாக ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டபோது, டிரான்ஸ்ஃபார்மர் பற்றி எழுதலாமா என்று முதலில் நினைத்தேன். அது புத்தகத்திலேயே இருக்கிறது. ஆகவே ஊட்டியிலும் குன்னூரிலும் லாட்ஜ், காட்டேஜ் வைத்திருப்பவர்கள் குளிர்காலம் வந்தால் தேடுகிற ஒரு சாமானை எடுத்துக்கொண்டேன். அதுதான் குளியலறைச் சுவரில் மாட்டும் ஃபேன் ஹீட்டர்.

எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். அம்மா கொழுந்து எடுக்கிறார், அப்பா தோட்டத்தில் மருந்தடிக்கிறார். சனி, ஞாயிறுகளில் எங்கள் லைன் பக்கத்து வயர்மேன் அண்ணனோடு நான் வேலைக்குப் போவேன். கீழே வருகிற கணக்குகளில் பாதி, அப்படிப் போன இடத்தில் ஹீட்டர் வந்த அட்டைப்பெட்டியின் பின்புறத்தில் போட்டவை.

முதலில் சாமானைப் பார்ப்போம். உள்ளே ஒரு சூடாகும் எலிமென்ட், அதன் பின்னால் காற்றைத் தள்ளும் சின்ன விசிறி, கூடவே ஒரு தெர்மல் கட் அவுட். அவ்வளவுதான். எலிமென்ட் இரண்டு வகை. ஒன்று பழைய நிக்ரோம் கம்பிச் சுருள். இன்னொன்று பி.டி.சி. என்கிற பீங்கான் கட்டி, பேரியம் டைட்டனேட்டில் செய்தது. நிக்ரோமின் மின்தடை சூட்டில் அதிகம் மாறாது. விசிறி நின்றுபோனால்கூட அது அதே கரண்டை இழுத்துக்கொண்டு சிவந்துகொண்டே போகும், கட் அவுட் வேலை செய்தால்தான் தப்பிக்கலாம். பி.டி.சி. அப்படியல்ல. ஒரு குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் அதன் மின்தடை மளமளவென்று ஏறிவிடும், கரண்ட் தானாகக் குறைந்துவிடும். குளியலறைக்கு வாங்குவதென்றால் பி.டி.சி.தான் என்பது என் கட்சி. பெட்டியில் "செராமிக்" என்று போட்டிருப்பது பெரும்பாலும் இதைத்தான்.

இனி சூட்டுக் கணக்கு. 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம் உள்ள ஒரு குளியலறை. கொள்ளளவு 7.2 கன மீட்டர். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2240 மீட்டர் உயரம், காற்று அங்கே லேசானது. 10 டிகிரி குளிரில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 0.95 கிலோதான் வரும். ஆக அறையில் இருக்கிற மொத்தக் காற்று 7 கிலோவுக்கும் குறைவு. அதை 10 டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 70 கிலோ ஜூல் போதும். 2000 வாட் ஹீட்டர் இதை 35 வினாடியில் கொடுத்துவிட வேண்டும்!

கொடுக்கிறதா? இல்லை. கால் மணி நேரம் ஓடினாலும் நடுக்கம் முழுக்கப் போவதில்லை என்று தங்க வருகிறவர்கள் குறைப்படுகிறார்கள். கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று பேசிக்கொள்வார்கள். குற்றவாளி கம்பெனி அல்ல, சுவர்தான். நாலு சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்தால் 22.8 சதுர மீட்டர் வருகிறது. ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த கல்லும் டைல்ஸும் அது. காற்றிலிருந்து சுவருக்கு, ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 7 அல்லது 8 வாட் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2000 வாட்டையும் சுவரே விழுங்கிவிடுகிற நிலை எப்போது வரும்? காற்று சுவரைவிட 11, 12 டிகிரி அதிகம் இருக்கும்போது. அதாவது சுவர் 10 டிகிரியில் இருந்தால், காற்று 21, 22 டிகிரிக்கு வந்து நின்றுவிடும். அதற்கு மேல் ஏற வேண்டுமென்றால் சுவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக வேண்டும். கூடவே எக்ஸாஸ்ட் ஃபேனையும் போட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம். சூடான காற்றெல்லாம் தொட்டபெட்டாவைப் பார்க்கப் போய்விடும்.

மலைப் பக்கம் வோல்டேஜ் குறைவது நமக்குப் புதிதல்ல. 230 வோல்ட்டில் 2000 வாட் என்றால் நிக்ரோம் சுருளின் மின்தடை 26.45 ஓம். வோல்டேஜ் 200க்கு இறங்கினால் பவர் சுமார் 1510 வாட்தான். வோல்டேஜில் 13 சதவிகிதம் குறைந்தால் சூட்டில் கால் பங்கு போய்விடுகிறது. வர்க்கம் என்பது பரீட்சைக்கு மட்டுமல்ல பாருங்கள்.

இன்னொன்று, ஈர உடம்பின் மேல் காற்று அடித்தால் குளிரும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக சுமார் 2400 ஜூல் வேண்டும். உடம்பில் ஒட்டியிருக்கிற தண்ணீரில் வெறும் 50 கிராம் ஆவியானாலே 120 கிலோ ஜூல். அறையின் காற்று முழுவதையும் 10 டிகிரி சூடேற்றப் போட்ட கணக்கைவிட இது அதிகம். இதில் ஒரு பங்கு நம் தோலிலிருந்துதான் போகிறது. அதனால் இதை உபயோகிக்கிற முறையைத் திருப்பிப் போட வேண்டும். குளிக்கப் போவதற்குப் பத்து, பதினைந்து நிமிடம் முன்பே போட்டுவிட்டு, கதவைச் சாத்தி, உள்ளே போகும்போது அணைத்துவிட்டுப் போவதே சரி. சுகத்துக்கும் அதுதான் நல்லது, உயிருக்கும் அதுதான் நல்லது. செலவு? 15 நிமிடத்துக்கு அரை யூனிட். 15 லிட்டர் கெய்சர் தண்ணீரை 10லிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுவர ஆகிற செலவும் ஏறக்குறைய அதே அரை யூனிட்தான். ஆகக் குளியல் செலவு இரட்டிப்பாகும் என்று தெரிந்தே வாங்க வேண்டும்.

இப்போது கரண்ட் பக்கம் வருவோம். ஒரு லாட்ஜில் ஆறு குளியலறைக்கு ஹீட்டர் மாட்ட அண்ணனைக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் போனேன். மேனேஜர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "புது வயர் எல்லாம் இழுக்க வேண்டாம்பா. கெய்சர் பாயிண்ட்லயே ஒரு மல்ட்டி பிளக் போட்டு ரெண்டையும் சொருகிடு."

அண்ணன் என்னைப் பார்த்தார். "தம்பி, எவ்வளவு வரும்னு போட்டுச் சொல்லு."

கெய்சர் 2000, ஹீட்டர் 2000. மொத்தம் 4000 வாட். 230ஆல் வகுத்தால் 17.4 ஆம்பியர். சாக்கெட் 16 ஆம்பியர், எம்.சி.பி.யும் 16 ஆம்பியர்.

"அதிகமானா எம்.சி.பி. விழுந்துடும்ல, அப்புறம் என்ன பயம்?" என்றார் மேனேஜர்.

நண்பர்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள், நம் வகுப்பிலேயே பலர் அவர் மாதிரிதான் நினைக்கிறோம். 16 ஆம்பியர் எம்.சி.பி. 16ஐத் தாண்டியதும் விழ வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. தரக் கட்டளை சொல்வது வேறு: குறித்த அளவைப் போல 1.13 மடங்கு வரை ஒரு மணி நேரம் விழாமல் தாங்க வேண்டும், 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். 16ஐ 1.13ஆல் பெருக்கினால் 18.08. நம் 17.4 அதற்குள் அடக்கம். எம்.சி.பி. சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். மல்ட்டி பிளக்கின் பித்தளைப் பின் சூடாகிக்கொண்டிருக்கும். தொடர்பு லேசாகத் தளர்ந்து 0.2 ஓம் மின்தடை வந்துவிட்டது என்று வையுங்கள். ஹீட்டர் ஒன்றுக்கு மட்டும், 8.7ஐ வர்க்கமாக்கி 0.2ஆல் பெருக்கினால் 15 வாட். நம் லேபில் இருக்கிற சால்டரிங் அயர்ன் 25 வாட். அதில் பாதிக்கு மேல், ஒரு பிளாஸ்டிக் பிளக்கின் உள்ளே!

அண்ணன் தனி சர்க்யூட் கேட்டார். ஒவ்வொரு ஹீட்டருக்கும் 2.5 சதுர மில்லி மீட்டர் செம்பு வயர், தனி 16 ஆம்பியர் எம்.சி.பி., மொத்தத்துக்கும் முன்னால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மேனேஜர் விலையைக் கேட்டதும், "பக்கத்து லாட்ஜுல இப்படித்தான் ஓடுது, ஒண்ணும் ஆகலையே" என்றார். அண்ணன் டூல்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இரண்டு நாள் கூலி போயிற்று. பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போதும் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. மறுவாரம் வேறு ஆள் வந்து மாட்டிக் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம்.

அந்த லாட்ஜில் குளியலறைகளைக் கழுவுகிற வேலை பார்ப்பவர் எங்கள் லைனில் இருக்கிற ஒரு சித்தி. வாளித் தண்ணீரைச் சுவரில் வீசி அடித்துத்தான் கழுவுவார். ஆர்.சி.சி.பி. பற்றி நான் இவ்வளவு பிடிவாதமாக எழுதுவது அவரை நினைத்துத்தான். எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை, ஆளை அல்ல. ஈர உடம்பின் மின்தடை 1000 ஓம் என்று வைத்தால், 230 வோல்ட்டில் 230 மில்லி ஆம்பியர் பாயும். ஆளைக் கொல்ல அது தாராளம். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஒரு கொசுக்கடி. எர்த் இருக்கிறதே என்பீர்கள். மலையில் பாறை மேல் போட்ட எர்த் பிட். மொத்த வழியிலும் 10 ஓம் இருந்தால் 230ஐ 10ஆல் வகுக்க 23 ஆம்பியர். அது 16க்கு 1.44 மடங்கு. ஒரு மணி நேரம் ஆனாலும் எம்.சி.பி. விழுமா என்பது சந்தேகம். அவ்வளவு நேரமும் ஹீட்டரின் உலோகப் பாகத்தில் கரண்ட் நிற்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அதே இடத்தில் 0.3 வினாடிக்குள் துண்டித்துவிடும். அதற்காக எர்த்தை வெட்டிவிடலாம் என்று அர்த்தமில்லை, இரண்டும் வேண்டும். ஆர்.சி.சி.பி.யில் "டி" என்று போட்ட டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறையாவது அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் விழவில்லை என்றால் அது வெறும் அலங்காரம்.

சித்தியிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "கழுவுறதுக்கு முன்னாடி வெளியே இருக்கிற எம்.சி.பி.யைக் கீழே இறக்கிட்டுத்தான் உள்ளே போகணும். யார் என்ன சொன்னாலும் சரி." இப்போது அப்படித்தான் செய்கிறாராம்.

எங்கே மாட்டுவது என்பது அடுத்தது. சர்வதேசத் தரக் கட்டளைப்படி, தொட்டி இல்லாமல் ஷவர் மட்டும் இருந்தால், தண்ணீர் வரும் நிலையான குழாயிலிருந்து 1.2 மீட்டர் தூரமும் தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரமும் ஈர மண்டலம். 2 மீட்டர் அறையில் மிஞ்சுவது 80 சென்டிமீட்டர்தான். ஆனால் அந்தக் கட்டளையை எழுதியவர்கள் நம்மைப் போல வாளியும் மக்கும் வைத்துக் குளிக்கிறவர்களை நினைத்திருக்க மாட்டார்கள் என்று தோன்றுகிறது. நம்முடைய மக்கிலிருந்து தண்ணீர் எந்த மூலைக்கும் போகும். ஆகவே குளிக்கிற இடத்துக்கு எதிர்ச் சுவரில், கதவுக்கு மேலே, குளிப்பவர் கைநீட்டினாலும் எட்டாத உயரத்தில் மாட்டுவதே உத்தமம். கூடவே வருகிற புத்தகத்தில் உயரமும் இடைவெளியும் போட்டிருந்தால் அதுவே இறுதி. ஹீட்டருக்கு நேர் மேலே சாக்கெட் இருக்கக் கூடாது. சாக்கெட்டும் சுவிட்சும் குளியலறைக்கு வெளியே, இண்டிகேட்டர் விளக்கோடு இருக்கட்டும்.

வாங்கும்போது ஐ.பி. எண்ணைப் பாருங்கள். எக்ஸுக்குப் பிறகு வரும் எண் தண்ணீரைப் பற்றியது. ஐ.பி.எக்ஸ்.4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தெறித்தாலும் தாங்கும், 1 என்றால் மேலிருந்து சொட்டுவதை மட்டும். தரையில் வைக்கிற மலிவான ஹீட்டர்களில் பலவற்றுக்கு இந்தப் பாதுகாப்பே கிடையாது. குளியலறையில் வைக்காதே என்று அதன் புத்தகத்திலேயே பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதை ஸ்டூலில் வைத்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இழுத்துக்கொண்டு போவதைவிடக் குளிராமலே இருக்கலாம், குளிக்காமலும் இருக்கலாம்.

கரி அடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். உறைபனி விழும் நாட்களில் ஹீட்டர் இல்லாத வீடுகளில் கரிச்சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். தணலில் புகை இல்லை என்றுதான் தைரியம். ஆனால் புகையும் இல்லாமல் வாசனையும் இல்லாமல் வருவதுதான் கார்பன் மோனாக்சைடு. ரத்தத்து ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். தூக்கம் மாதிரி வந்து ஆளை எடுத்துவிடும். கேஸ் கெய்சரைக் காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் மாட்டுவதும் இதே கதைதான். ஃபேன் ஹீட்டரில் இந்த ஒரு ஆபத்து மட்டும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு எங்கள் அப்பாயி, "எனக்கும் ஒண்ணு வாங்கி மாட்டுடா" என்றார். எங்கள் குளியலறை வீட்டுக்கு வெளியே. தகரக் கூரை, கூரைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஜாண் இடைவெளி. 2000 வாட் போட்டாலும் சூடு அந்த இடைவெளி வழியாகப் போய்விடும். தகரத்தில் வயர் உரசினால் மொத்தக் கூரையும் கரண்டாகிவிடும். வேண்டாம் என்றேன். விறகடுப்பில் தண்ணீர் காய்ச்சி, வெயில் ஏறி பதினோரு மணிக்குக் குளிக்கட்டும், காலுக்குக் கீழே பலகை, அடுப்போரம் காய்ந்த துணி என்று ஏற்பாடு. "கரண்டு படிச்சவன் கரண்டு வேண்டாங்கிறான்" என்று லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மாட்டியிருப்பவர்களுக்கு ஒரு விஷயம் பாக்கி. வருடம் முழுக்கச் சும்மா இருந்த ஹீட்டரைக் குளிர்காலத் தொடக்கத்தில் போட்டால் ஒரு தீய்ந்த வாசனை வரும். எலிமென்டில் படிந்த தூசி எரிகிற வாசனை அது. மெயினை அணைத்து, ஆறவிட்டு, காய்ந்த பிரஷ்ஷால் கிரில்லைத் தட்டிச் சுத்தம் செய்தால் போய்விடும். துண்டை அதன்மேல் காயப்போடக் கூடாது. சுத்தம் செய்த பிறகும் இரண்டு நாளைக்கு மேல் வாசனை நின்றால், அது தூசி அல்ல. பிளக்கைக் கழற்றி மூன்று பின்னையும் வெளிச்சத்தில் பாருங்கள். ஒன்று கறுத்திருந்தால் பிளக்கையும் சாக்கெட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பிளக்கை மட்டும் மாற்றினால், தளர்ந்த சாக்கெட் புதுப் பின்னையும் கறுப்பாக்கிவிடும்.