அடுக்களையில் கரப்பான் பூச்சி: தடுப்பதே தலையாய வழி

வயலில் பூச்சி விழுந்தால் உடனே பரிகாரம் தேடும் விவசாயி, தம் வீட்டு அடுக்களையில் கரப்பான் பூச்சி பெருகுவதைப் பெரிதாக எண்ணுவதில்லை. வேறு சிலரோ, பயிருக்கென வாங்கிய பூச்சிகொல்லியையே அடுக்களையிலும் தெளித்துவிடுகின்றனர். முன்னது அலட்சியம், பின்னது பேரபாயம். இவ்விரண்டுமின்றி இப்பூச்சியைத் தடுக்கும் வழியை ஈண்டு ஆராய்வோம்.

இரு வகைகள்

நம் வீடுகளில் பெரிதும் காணப்படுபவை இரு வகை. ஒன்று, ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் நீளமுள்ள, செம்பழுப்பு நிற அமெரிக்கக் கரப்பான். சாக்கடையும், கழிப்பறைக் குழியும், ஈரம் கசியும் மூலைகளும் இதன் இருப்பிடங்கள். மற்றொன்று, சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் நீளமே உடைய ஜெர்மன் கரப்பான். தலைக்குப் பின்னால் இரு கரிய கோடுகள் இதன் அடையாளம். இது அடுக்களையை விட்டு எளிதில் அகலாது.

பெண் பூச்சி தன் முட்டைகளை ஒரு சிறு கூட்டில் அடக்கி வைக்கிறது. சிறிய வகையின் ஒரு கூட்டில் 30 முதல் 40 முட்டைகள் வரை இருக்கும். அவற்றினின்று வெளிவரும் குஞ்சுகள் இரண்டு மூன்று மாதங்களில் முதிர்ந்து, தாமும் இனம் பெருக்கத் தொடங்குகின்றன. ஒரு பூச்சிதானே என்று விட்டுவிடலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

விளையும் தீமை

சாக்கடையில் ஊர்ந்த கால்களோடு சோற்றுப் பானையின் மேல் ஊர்வது இப்பூச்சியின் இயல்பு. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா போன்ற கிருமிகளை இது சுமந்து வரக்கூடும். இதன் எச்சமும் உதிர்ந்த தோலும் தூளாகிக் காற்றில் கலந்து, சிலருக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, ஆஸ்துமாவை மிகுவிக்கின்றன.

தடுக்கும் முறை

உணவு, நீர், ஒளியுமிடம் ஆகிய மூன்றும் இன்றிக் கரப்பான் வாழாது. இவற்றுள் நீரே முதன்மையானது. நீர் கிடைத்தால் உணவின்றிப் பல வாரம் உயிர் தாங்கும் சிறிய வகை, இரண்டும் கிடையாவிடில் இரு வாரத்தைக் கடப்பது அரிது. ஆகவே, பின்வருவனவற்றை நாள்தோறும் கடைப்பிடித்தல் வேண்டும்.

1. இரவு படுக்குமுன் பாத்திரங்களைத் துலக்கி, அடுப்படியையும் அங்கணத்தையும் ஈரமின்றித் துடைக்க வேண்டும். ஒழுகும் குழாயைச் செப்பனிட வேண்டும்.

2. நீர் ஊற்றி வைத்த சோறு, மாவு, வெல்லம், புண்ணாக்கு ஆகியவற்றை இறுக மூடி வைக்க வேண்டும். எச்சிலையும் குப்பையையும் இரவில் வீட்டினுள் வைத்தல் கூடாது.

3. சுவரின் வெடிப்புகளையும் கதவு நிலையின் இடுக்குகளையும் சிமெண்டுக் கலவையால் அடைக்க வேண்டும். அங்கணத் துளைக்குச் சல்லடை மூடி பொருத்த வேண்டும்.

4. கடையிலிருந்து வரும் அட்டைப் பெட்டி, கோணிச் சாக்கு ஆகியவற்றில் முட்டைக்கூடுகள் ஒட்டி வரக்கூடும். அவற்றை வெளியிலேயே உதறிச் சோதித்தபின் உள்ளே கொணர வேண்டும்.

மருந்து கடைசியே

மருந்தை மட்டும் நம்புவோர் ஏமாறுவர். 1950-களின் தொடக்கத்திலேயே, குளோர்டேன் என்னும் மருந்துக்குச் சாகாத ஜெர்மன் கரப்பான்கள் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் காணப்பட்டன. இனிப்பில் நஞ்சு கலந்து வைத்தபோது, அவ்வினிப்பையே வெறுத்து ஒதுக்கும் கரப்பான்கள் தோன்றியதை 1993-ல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். பசியையும் தாகத்தையும் எதிர்த்து நிற்கும் கரப்பானோ இதுவரை தோன்றவில்லை.

தூய்மை செய்த பின்னும் பூச்சி எஞ்சினால், போரிக் அமிலத் தூளை இடுக்குகளில் மெல்லியதாகத் தூவலாம். குவியலாகக் கொட்டினால் பூச்சி விலகிச் செல்லும். நனைந்தால் பயன் குன்றும். இதுவும் நஞ்சே ஆதலின், குழந்தைகளுக்கும் கோழி முதலிய பிராணிகளுக்கும் எட்டாத இடத்திலேயே இடுதல் வேண்டும். பயிர்ப் பூச்சிகொல்லியை எக்காரணம் கொண்டும் வீட்டினுள் தெளிக்கலாகாது. அதன் காலிப் புட்டியும் அடுக்களைக்கு வரலாகாது.

ஊராட்சியின் பங்கு

ஒரு வீட்டார் மட்டும் தூய்மை காத்து, தெருச் சாக்கடை தேங்கி நிற்குமாயின், பெரிய வகைக் கரப்பான் மீண்டும் வந்தே தீரும். வடிகால் அமைப்பதையும் கழிவுநீரை அகற்றுவதையும் 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கிராம ஊராட்சியின் கடமைகளுள் வைத்துள்ளது. ஆகவே உறுப்பினர்கள் தத்தம் வார்டில் அடைபட்ட வடிகால், உடைந்த மூடி, உறிஞ்சுகுழியில்லாத வீடு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு கிராம சபையில் வைத்தல் நன்று. அங்கன்வாடி, சத்துணவுக் கூடம் ஆகியவற்றின் அடுக்களைகளை முதலில் பார்வையிட வேண்டும். அங்கு உண்பவர் நம் ஊரின் இளங்குழந்தைகள் அன்றோ?

இப்பணிக்குப் பெரும் பொருள் தேவையில்லை. வீட்டில் உலர்ந்த அங்கணமும், தெருவில் ஓடும் வடிகாலும் இருப்பின், கரப்பானுக்கு ஊரில் இடமிராது.