கண்ணாடி இல்லாத லென்ஸ்

சிறுநீரக பயாப்சி செய்துகொண்டவர்களுக்குச் சில வேளைகளில் அறிக்கை இரு பகுதிகளாகக் கிடைக்கிறது. முதல் பகுதி விரைவில் வந்துவிடும். எலக்ட்ரான் நுண்ணோக்கியின் முடிவு பின்னர் வரும். இந்தக் காத்திருப்பின் காரணத்தை அறிய, அக்கருவியின் லென்ஸைப் பற்றித் தெரிந்துகொள்வது உதவும்.

ஒளியின் எல்லை

சாதாரண நுண்ணோக்கி ஒளியைக் கொண்டு காண்கிறது. ஏறத்தாழ 200 நானோமீட்டருக்கும் குறைவான இடைவெளியை அதனால் பிரித்துக் காட்ட இயலாது. ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கே நானோமீட்டர். சிறுநீரக வடிகட்டியின் மேல் பாதம் போன்ற நுண்ணிய நீட்சிகள் படிந்துள்ளன. அவற்றுக்கு இடையிலுள்ள பிளவின் அகலம் சுமார் 40 நானோமீட்டர்தான். குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் மினிமல் சேஞ்ச் நோயில் இப்பாதங்கள் தட்டையாகிவிடுகின்றன. சிறுநீரில் புரதம் வெளியேறி உடல் வீங்குகிறது. ஆயினும் ஒளி நுண்ணோக்கியில் அத்திசு ஏறக்குறைய இயல்பாகவே தோன்றும்.

காந்தமே லென்ஸ்

எலக்ட்ரானின் அலைநீளம் ஒளியினுடையதைவிட மிகக் குறைவு; ஆகவே நுண்ணிய விவரங்கள் புலப்படும். ஆனால் கண்ணாடி எலக்ட்ரான்களைத் தடுத்துவிடும். எனவே இங்கு லென்ஸாக அமைவது இரும்பு உறைக்குள் சுற்றப்பட்ட தாமிரக் கம்பிச்சுருள். அதில் மின்சாரம் பாயும்போது எழும் காந்தப்புலம், நடுவே செல்லும் எலக்ட்ரான்களைச் சுழலச் செய்து ஒரு புள்ளியில் குவிக்கிறது. மின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் படத்தைத் தெளிவாக்குவர். எலக்ட்ரான்கள் காற்றில் மோதிச் சிதறாதிருக்க, அவை செல்லும் பாதை வெற்றிடமாக்கப்படுகிறது. இம்முறையில் முதல் கருவியை 1931இல் பெர்லினில் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் உருவாக்கினர்.

பரப்பை வருடிக் காட்டும் ஸ்கேனிங் வகையில், லென்ஸ்கள் கற்றையைச் சில நானோமீட்டர் அகலமுள்ள கூர்முனையாகச் சுருக்குகின்றன. அம்முனை புள்ளி புள்ளியாக நகர்ந்து படத்தை வரைகிறது. சிறுநீரகத் திசுவுக்குப் பயன்படுவது ஊடுருவு வகை. அதில் கற்றை திசுவினூடே செல்கிறது. லென்ஸ்கள் படத்தைப் பெரிதாக்குகின்றன.

காத்திருப்பு ஏன்?

கற்றை ஊடுருவ வேண்டுமாயின், திசு சுமார் 100 நானோமீட்டரோ அதற்கும் குறைவோ தடிப்புள்ள சீவலாக இருத்தல் வேண்டும். திசுவின் நீரை அகற்றி, பிசினில் பதித்து இறுகச் செய்து, வைரக் கத்தியால் சீவுகின்றனர். இப்பணிக்கே நாள்கள் பல ஆகின்றன. ஆகவே, தாமதம் நோயின் கடுமைக்கு அடையாளமன்று. கற்றை எடுக்கப்பட்ட திசுவின்மீது மட்டுமே படுகிறது. நோயாளியின் உடலில் படுவதில்லை.

முதல் அறிக்கையை மட்டும் பார்த்து மருந்தை நிறுத்தவோ மாற்றவோ வேண்டா. அடுத்த முடிவு எப்போது வரும், அது சிகிச்சையை மாற்றக்கூடுமா என்பவற்றை மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.