ஆச்சி கையெழுத்து போதுமா?

எட்டயபுரம் என்றதும் பாரதியார் ஞாபகம் வராதவர்கள் உண்டா? 1882-ல் அந்த ஊரில் பிறந்த சுப்பையாவுக்கு 5 வயதில் அம்மா தவறிப்போனார். 1898-ல் அப்பாவும் காலமானார். அதன்பிறகு பையனைக் கைதூக்கி விட்டது யார் தெரியுமா? காசியில் இருந்த அத்தை குப்பம்மாள். அவரைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொண்டு, அங்கேயே படிக்கவும் வைத்தார்கள் அத்தையும் மாமாவும்.

நம் குடும்பங்களில் இது புதிதல்ல. அப்பா துபாயில், அம்மா திருப்பூர் பனியன் கம்பெனியில், பிள்ளை ஊரில் ஆச்சியிடம். எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் இப்படி எத்தனையோ வீடுகள்! அம்மா இல்லாத பிள்ளையைச் சித்தி வளர்ப்பதும், தாய்மாமா வளர்ப்பதும் நமக்குச் சகஜம்தான்.

ஆனால் ஒன்று. 'பசிக்குது', 'கணக்கு புரியலை', 'அந்தப் பையன் அடிச்சுட்டான்' என்று சொல்லத் தெரிந்த பிள்ளை யாரிடம் வளர்ந்தாலும் ஒருவாறு சமாளித்துவிடும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு என்று ஏதாவது ஒரு சிரமத்தோடு இருக்கும் பிள்ளை? அதற்காக இன்னொருவர்தான் வாய் திறக்க வேண்டும். சிறப்புக் கல்வியில் 'பெற்றோர்' என்ற சொல்லுக்கு அர்த்தமே அதுதான்!

"சோறு ஊட்டுதேன், குளிப்பாட்டுதேன், பள்ளிக்கூடம் கூட்டிட்டுப் போறேன். இதுக்கு மேல என்ன செய்யணும்?" என்று ஆச்சி கேட்கலாம். செய்ய வேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பள்ளியில் உங்களுக்கு என்ன உரிமை?

"அப்பா, அம்மாவை வரச் சொல்லுங்க" என்று சொன்னால் பலர் அப்படியே திரும்பிவிடுகிறார்கள். திரும்ப வேண்டாம்! 2009-ம் ஆண்டு கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பெற்றோரோடு 'பாதுகாவலர்' என்பவரையும் சேர்த்தே பேசுகிறது. குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்துப் பார்த்துக்கொள்பவர் யாரோ அவரும் பாதுகாவலர்தான். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் கடமை அவருக்கும் உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரும் பாதுகாவலர்களும்தான் இருக்க வேண்டும். அந்தக் குழுவில் ஆச்சியும் உட்காரலாம், சித்தியும் உட்காரலாம்.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. 40 சதவிகிதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி. அருகில் உள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது உங்கள் விருப்பம். "இந்தப் பிள்ளையை எங்களால வச்சுக்க முடியாது" என்ற பேச்சுக்கே இடமில்லை.

அரசுப் பள்ளி என்றால் அந்தப் பகுதியின் வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியர் இருப்பார். பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைக்கு வீட்டிலேயே கற்பிக்கும் ஏற்பாடும் உண்டு. விசாரித்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் எப்படி?

மாற்றுத்திறன் பிள்ளைகளின் கல்விக்காக 1975-ல் அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டுவந்தது. பிள்ளைக்கு என்ன கற்றுக்கொடுப்பது என்று முடிவு செய்யும்போது பெற்றோர் கூட இருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். சரி, பெற்றோரே இல்லாத பிள்ளைக்கு? அதற்காகவே 'பதில் பெற்றோர்' ஒருவரை நியமிக்கிறார்கள். 30 நாட்களுக்குள் நியமிக்க முயற்சி எடுக்க வேண்டும் என்று 2004-ல் சட்டத்தைத் திருத்தியபோது சேர்த்தார்கள்.

இதில் ஒரு முக்கிய நிபந்தனை உண்டு. அந்தப் பிள்ளைக்குப் பாடம் சொல்லும் அல்லது பராமரிக்கும் நிறுவனத்தில் சம்பளம் வாங்குபவர் பதில் பெற்றோர் ஆக முடியாது. ஏன்? பள்ளியிடம் கேள்வி கேட்க வேண்டியவரே பள்ளியின் ஊழியராக இருந்தால் எப்படிக் கேட்பார்?

நம் நாட்டில் பள்ளிக்கென்று இப்படித் தனியாக ஒருவரை நியமிக்கும் ஏற்பாடு இல்லை. அந்த இடத்தைக் குடும்பம்தான் நிரப்ப வேண்டும். அதனால் வளர்ப்பவர் கேள்வி கேட்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

என்ன கேட்பது?

ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகக் கல்வித் திட்டம் போடுவது சிறப்புக் கல்வியின் அடிப்படை. அடுத்த கூட்டத்தில் சிறப்பு ஆசிரியரிடம் இந்த ஐந்தையும் தைரியமாகக் கேளுங்கள்:

1. அடுத்த மூன்று மாதத்தில் என் பிள்ளை புதிதாக எதைக் கற்கும்? (சட்டைப் பொத்தான் போடுவது, பத்து வரை எண்ணுவது என்று திட்டமாகச் சொல்லச் சொல்லுங்கள். 'முன்னேற்றம் வரும்' என்ற பதில் போதாது.)

2. அதை வீட்டில் நான் எப்படிப் பழக்க வேண்டும்? செய்து காட்டுங்கள்.

3. பேச்சுப் பயிற்சி, இயன்முறைப் பயிற்சி வாரத்துக்கு எத்தனை முறை? எங்கே?

4. வகுப்பில் யார் பக்கத்தில் உட்காருகிறான்? மற்ற பிள்ளைகளோடு விளையாடுகிறானா?

5. பொதுத் தேர்வில் என்ன சலுகை கிடைக்கும்? (சொல்வதைக் கேட்டு எழுதுபவர், கூடுதல் நேரம் போன்றவற்றுக்குத் தலைமை ஆசிரியர் மூலம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். கடைசி மாதத்தில் ஓடினால் நடக்காது!)

"எனக்குப் படிப்பே கிடையாதே, நான் எப்படிக் கேட்க?" என்று தயங்க வேண்டாம். பிள்ளை எந்தச் சத்தத்துக்குப் பயப்படும், எந்தச் சாப்பாட்டைத் துப்பும், எப்படிக் கொஞ்சினால் சிரிக்கும் என்பது ஆசிரியருக்குத் தெரியாது, ஆச்சிக்குத் தெரியும். பாடத்திட்டம் போட அந்த விவரம்தான் முதலில் தேவை.

ஒரு 80 பக்க நோட்டு

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நீங்கள் வெளியூரில் இருந்தாலும் சரி, பிள்ளையோடு இருந்தாலும் சரி, இன்றே ஒரு நோட்டு போடுங்கள். பிள்ளைக்கு என்ன குறைபாடு, எந்த டாக்டர் பார்க்கிறார், என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, எது ஒத்துக்கொள்ளாது, வலித்தால் எப்படிக் காட்டும், கழிப்பறை போக வேண்டும் என்றால் என்ன சைகை செய்யும்... எல்லாவற்றையும் எழுதுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களையும் அதிலேயே செருகி வையுங்கள். தாய்க்கு மட்டும் தெரிந்த விஷயம், தாய் படுத்துவிட்டால் யாருக்கும் தெரியாமல் போய்விடும்!

வளர்ப்பவர் கவனத்துக்கு மூன்று விஷயங்கள்:

* வலிப்பு மாத்திரையை 'ரெண்டு மாசமா வலிப்பே வரலியே' என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு கடுமையாகத் திரும்பும் ஆபத்து உண்டு.

* மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்குப் படுக்க வைத்து ஊட்டாதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக. இல்லாவிட்டால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும்.

* பிள்ளையைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காமல், முழங்காலை மடக்கி, உடம்போடு அணைத்துத் தூக்குங்கள். 10 வயதுப் பிள்ளையை இரண்டு பேர் சேர்ந்து தூக்குவதே நல்லது. ஆச்சியின் முதுகும், பிரஷரும், சர்க்கரையும் கூட இந்தப் பிள்ளையின் நலத்தோடு சேர்ந்தவைதான். வாரத்தில் ஒரு நாளாவது வேறொருவர் பொறுப்பை ஏற்று, அவரை ஓய்வெடுக்க விடுங்கள்.

பள்ளி வேறு, பத்திரம் வேறு!

இதுவரை சொன்னதற்குப் பாசமும் பொறுப்பும் போதும். சொத்து, சட்டம் என்று வந்தால் கையில் உத்தரவு வேண்டும்.

பிள்ளைக்கு 18 வயது ஆகாமல் பெற்றோர் இருவரும் காலமாகிவிட்டால், 1890-ம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டப்படி மாவட்ட நீதிமன்றம் காப்பாளரை நியமிக்கலாம். பிள்ளைக்கு யாருமே இல்லை என்றால் குழந்தைகள் நலக் குழுவிடம் போக வேண்டும். 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் உதவி கிடைக்கும்.

18 வயது முடிந்ததும் என்ன ஆகும் தெரியுமா? சட்டத்தின் கண்ணில் பிள்ளை மேஜர்! பெற்ற தாயே ஆனாலும் தானாகவே சட்டப்படியான காப்பாளர் ஆகிவிட முடியாது. இதற்காகத்தான் 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் இது பொருந்தும். மாவட்ட அளவில் ஒரு குழு இருக்கும். கலெக்டர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் என மூன்று பேர். பெற்றோரோ உறவினரோ தாங்கள் விரும்பும் ஒருவரைக் காப்பாளராக நியமிக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். இவருக்குக் காப்பாளர் தேவையா, எதற்காகத் தேவை என்று குழு பார்க்கும். எட்டயபுரத்துக்காரர்கள் தூத்துக்குடி கலெக்டர் அலுவலகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரைக் கேட்டால் வழி சொல்வார்.

"சொத்தை அமுக்கிட்டா?" என்ற பயம் நியாயமானது. அதற்கும் கடிவாளம் இருக்கிறது. காப்பாளர் ஆனவர் 6 மாதத்துக்குள் சொத்து விவரமும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து 3 மாதத்துக்குள் கணக்கும் குழுவிடம் கொடுத்தாக வேண்டும். கொடுமை, அலட்சியம், மோசடி என்று புகார் வந்தால் விசாரித்து நீக்கவும் குழுவால் முடியும்.

சென்னையில் 1985-ல் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி என்ற பெயரில் தொடங்கிய 'வித்யாசாகர்' பள்ளியை ஆரம்பித்த பூனம் நடராஜன், மாற்றுத்திறன் பிள்ளையின் தாய். பின்னாளில் தேசிய அறக்கட்டளையின் தலைவராகவும் இருந்தார். தன் பிள்ளைக்காகக் கேட்க ஆரம்பித்த ஒரு தாய், ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சேர்த்துக் கேட்டார்!

யாரைத் தேர்ந்தெடுப்பது?

வசதியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிள்ளை யாரிடம் போனால் அழாமல் இருக்கிறது? பிள்ளைக்கு 30, 40 வயது ஆகும்போதும் தெம்போடு இருக்கக்கூடியவர் யார்? தாத்தா, ஆச்சியோடு இளைய வயதுக்காரர் ஒருவரையும் இரண்டாவது ஆளாக இப்போதே பழக்குங்கள். அண்ணன், தங்கை இருந்தால் அவர்கள் மனசையும் கேளுங்கள், தலையில் கட்டாதீர்கள். பேச முடிகிற பிள்ளை என்றால் முதலில் அதனிடமே கேளுங்கள்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு நீங்கள் போகும்போது அந்த ஆளையும் கூடவே அழைத்துச் செல்லுங்கள். ஆசிரியருக்கு அறிமுகம் செய்து வையுங்கள். நோட்டை அவர் கையில் கொடுத்து, கேள்விகளை அவரையே கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே அவர் பழகிக்கொள்ளட்டும்.