வேர்க்குருவும் படர்தாமரையும்

அக்கினி நட்சத்திர நாள்களில் வியர்வைச் சுரப்பியின் நாளம் அடைபட்டால், வெளியேற வழியற்ற வியர்வை தோலுக்குள் கசிந்து வேர்க்குருவாகப் புடைக்கிறது. கழுத்திலும் முதுகிலும் ஊசி குத்துவதுபோல் உறுத்தும் இச்சிறு பருக்கள், குளிர்ந்த நீரும் தளர்ந்த பருத்தியாடையும் காற்றோட்டமும் கிடைத்தால் சில நாள்களில் அடங்கிவிடும்.

படர்தாமரை அத்தகையதன்று. அது பூஞ்சைத் தொற்று. விளிம்பு சிவந்து தடிக்க, நடுப்பகுதி தெளிந்து, வளையமாக விரியும். இதனையும் வெயிற்கொடுமை என்றெண்ணி, மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு களிம்பைப் பூசுவோர் பலர். அரிப்பு என்னவோ உடனே தணியும். தோலின் எதிர்ப்பாற்றல் குன்றுவதால் பூஞ்சை மேலும் பரவும். வளைய வடிவமும் கலைந்துபோவதால், மருத்துவருக்கே நோயை இனங்காண்பது அரிதாகும். எனவே, களிம்பு எதனையும் தொடுமுன் தோல் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். துண்டையும் உடையையும் பிறரோடு பகிர்தல் கூடாது. வீட்டில் வேறு எவருக்கேனும் இந்நோய் இருப்பின் அவரும் உடன் மருத்துவம் பெற வேண்டும்; இல்லையேல் குணமானவரையே அது மீண்டும் பற்றும்.