உணர்விழந்த காலுக்கு ஓர் அரண்

ஆம்பூர், இராணிப்பேட்டை வட்டாரத்துக் காலணிகள் பல நாடுகளுக்கும் ஏற்றுமதியாகின்றன. அவ்வட்டாரத்தை அடுத்த வேலூரில், நோயுற்ற கால்களைக் காக்கும் பொருட்டுக் காலணி பற்றிய ஆய்வொன்று நிகழ்ந்தது.

தொழுநோய் நரம்புகளைத் தாக்குவதால் காலில் வலியுணர்வு மறைகிறது. முள் தைத்தாலும் தோல் நைந்தாலும் நோயாளி அறிவதில்லை. காலில் தோன்றும் ஆறாப் புண்களுக்கு நோயே நேரடிக் காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த மருத்துவர் பால் பிராண்டு, உணர்விழந்த பாதத்தின்மீது மீண்டும் மீண்டும் விழும் அழுத்தமே புண்ணாகிறது என விளக்கினார். நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மென்மையான ரப்பரைக் கொண்டு காலணிகள் செய்யப்பட்டன. அந்த ரப்பர், அழுத்தத்தை ஓரிடத்தில் குவியவிடாமல் பாதம் முழுவதும் பரப்பியது.

பின்னர் அமெரிக்காவில் பணியாற்றியபோது, அழுத்தம் மிகும்பொழுது ஒலி எழுப்பி எச்சரிக்கும் மின்னணுக் கருவியை அவர்தம் குழுவினர் உருவாக்கினர். அணிந்தோர் அவ்வொலியைப் பொருட்படுத்தவில்லை. ஒலிக்கு மாற்றாக மின்னதிர்ச்சி அமைக்கப்பட்டது. அப்போதும் அவர்கள் கருவியை அணைத்துவிட்டுத் தம் வேலையைத் தொடர்ந்தனர். இயற்கை தந்த வலியை அவ்வாறு அணைத்துவைக்க இயலாது. செயற்கை வலி முயற்சி கைவிடப்பட்டது.

எளிய ரப்பர்க் காலணியோ நிலைத்தது. நீரிழிவால் பாத உணர்வை இழந்தோருக்கும் இன்று மருத்துவர்கள் அதனைப் பரிந்துரைக்கின்றனர். எச்சரித்த கருவி, அணிந்தவரின் கவனத்தை எதிர்பார்த்தது. காலணியோ அவர் மறந்திருந்த வேளையிலும் அவரைக் காத்தது.