பிளஸ் டூ கணக்கெடுப்பு: தலையை எண்ணும் முன் பள்ளியை எண்ணுங்கள்

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-இல் உற்பத்தியைத் தொடங்கி 2014-இல் நிறுத்தியது. அந்த ஆண்டுகளில் சுற்றுவட்டாரப் பிளஸ் டூ மாணவர்களிடம் ‘முடித்ததும் கல்லூரியா, கம்பெனி வேலையா?’ என்று வருடாவருடம் கேட்டு வைத்திருந்தால், ஆலையின் ஏற்ற இறக்கம் பிள்ளைகளின் முடிவை எவ்வளவு அசைத்தது என்று இன்று எண்களோடு பேசலாம். ஒரகடம், வல்லம் பக்கம் ஆலைகள் பெருகியிருக்கும் இப்போது அதைத் தொடங்கலாம். ஓர் ஆசிரியர் குழுவால் முடிகிற வேலைதான்.

முதலில் பட்டியல். ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர் தாலுகாக்களின் அரசு, உதவி பெறும், மெட்ரிக் மேல்நிலைப் பள்ளிகள் அனைத்தையும் பிளஸ் டூ எண்ணிக்கையோடு எழுதுங்கள். முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதியையும் பெற்றோர் சம்மதத்தையும் அப்போதே வாங்கத் தொடங்குங்கள்.

அடுத்ததுதான் முக்கியம். 400 பேரைக் கேட்டால் பிழை வரம்பு ஏறக்குறைய 5 சதவீதப் புள்ளி என்று எல்லாரும் சொல்வார்கள். மொத்த மாணவர்களிலிருந்தும் தனித்தனியாகக் குலுக்கி எடுத்தால் மட்டுமே அது உண்மை. ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒரே ஆசிரியர்களிடம் படிக்கிறார்கள். தெருமுனையில் ஒரே கம்பெனி பஸ்ஸைப் பார்க்கிறார்கள். அவர்களின் பதில்களும் ஓரளவு ஒத்துப்போகும். அந்த ஒப்புமையை, 0 முதல் 1 வரையான அளவில், 0.1 என்று கொள்வோம். 10 பள்ளிகளில் தலா 40 பேர் எடுத்தால், 1 + ((40 − 1) × 0.1) = 4.9. நானூறை இதால் வகுத்தால் 82 பேரைக் கேட்டதற்குச் சமம். பிழை வரம்பு 11 புள்ளியை நெருங்கும். அதே 400 பேரை 40 பள்ளிகளில் தலா 10 என்று பிரித்தால் 210 பேருக்குச் சமம், வரம்பு 7-க்குள் வந்துவிடும். அலைச்சல் கூடுதல்தான், ஆனாலும் இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். முடிந்தால் பட்டியலிலுள்ள எல்லாப் பள்ளிகளுக்கும் போய்விடுங்கள்.

பள்ளிக்குள் ஒரு வகுப்பை அப்படியே உட்காரவைத்துப் படிவம் கொடுக்கக் கூடாது. தொழிற்கல்வி குரூப்பும் கணக்கு-உயிரியல் குரூப்பும் ஒரே பதில் தராது. எல்லா குரூப் வருகைப் பதிவேடுகளையும் அடுக்கி வையுங்கள். 150 பெயர் இருந்து 10 பேர் வேண்டுமானால், 1 முதல் 15 வரை சீட்டு குலுக்கி, வந்த எண்ணிலிருந்து ஒவ்வொரு பதினைந்தாவது பெயரையும் குறியுங்கள். குறித்த பிள்ளை வரவில்லையென்றால் பக்கத்துப் பிள்ளையைப் பிடிக்காதீர்கள். இன்னொரு நாள் போங்கள். அடிக்கடி வராதவர்களில் ஏற்கெனவே வேலைக்குப் போகிறவர்களும் இருப்பார்கள். அவர்களை விட்டால் வரும் கோணல், ஆயிரம் பேரைச் சேர்த்தாலும் நிமிராது.

அடுத்த ஆண்டு அதே பள்ளிகளா, புதியவையா? அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1975 முதல் பள்ளி மாணவர்களிடம் நடத்திவரும் ‘மானிட்டரிங் தி ஃப்யூச்சர்’ ஆய்வில் ஒரு பள்ளி இரண்டு ஆண்டு இருக்கும். வருடந்தோறும் பாதிப் பள்ளிகள் மாறும். நம் சிறிய பகுதிக்கு அதே பள்ளிகளையே தொடர்வது நல்லது. ஏனென்றால் இரண்டு ஆண்டுகளின் வித்தியாசத்துக்குப் பிழை பெருகும்: ஆண்டுக்கு 6.8 என்றால், பள்ளிகளைப் புதிதாக எடுக்கும்போது வித்தியாசத்துக்கு 9.6. பள்ளி மாறாவிட்டால் இது குறையும். கேள்வியின் சொற்களும் கேட்கும் மாதமும்கூட மாறக் கூடாது.

கூட்டும்போது பெரிய பள்ளிக்கு அதன் மாணவர் எண்ணிக்கைக்கேற்ற எடை கொடுங்கள். ஒவ்வொரு சதவீதத்துக்குப் பக்கத்திலும் அதன் பிழை வரம்பை அச்சிடுங்கள். கம்பெனி வேலை விருப்பம் 4 புள்ளி ஏறியிருந்து அந்த வித்தியாசத்தின் பிழை வரம்பு 7 என்றால், ‘மாற்றம் உறுதியாகவில்லை’ என்று எழுதி அடுத்த ஆண்டுக் கணக்கெடுப்புக்குத் தயாராகுங்கள்.